கத்திக்கு முன்னால் ஒரு ரிப்போர்ட்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு ஐம்பது. ஜோகுபாளையத்தில் தூறல். குடையை விரிப்பதா மடக்குவதா என்று தெரியாமல் நிற்கவைக்கும் பெங்களூர் ஜூலைத் தூறல்தான். என் மகள் பவித்ராவின் கம்பெனி கார் தெருமுனையில் வந்து நின்றது. எலெக்ட்ரானிக் சிட்டியில் அவளுக்கு இரவு ஷிப்ட். அமெரிக்காவில் கிரெடிட் கார்டு தொலைத்தவர்கள், பில்லில் சண்டை உள்ளவர்கள் போன் செய்வார்கள். இவள் பேசிச் சமாதானப்படுத்த வேண்டும். ஒரு ஷிப்டுக்கு எண்பது அழைப்பு.

கதவு திறந்தது. ஒரு கால் வெளியே வந்தது. அந்தக் கால் அவளைத் தாங்கவில்லை. ஈரத் தார்ச்சாலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம், மேடம்" என்று டிரைவர் இறங்கி ஓடிவந்தார். நானும் ஓடினேன். எனக்கு அறுபத்தொன்பது வயது. கடைசியாக எப்போது ஓடினேன் என்று நினைவில்லை.

"கால்ல பலமே இல்லப்பா. யாரோ கழட்டி எடுத்துட்ட மாதிரி இருக்குது" என்றாள்.

அவளுக்கு இருபத்தேழு வயது. கல்யாணமாகிப் பதினைந்து வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. மாநில அரசில் முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். எண்ணுவது என் தொழில், கவலைப்படுவது என் சுபாவம். இரண்டையும் வீட்டில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. இந்த ஒரு முறை இரண்டும் உதவின என்பதால்தான் இதை எழுதுகிறேன். இருபது, முப்பது வயதில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் படிக்கட்டும்.

அதே காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரி, பெயர் எதற்கு. எமர்ஜென்சியில் நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றினார். 178க்கு 112. நான் எட்டிப் பார்த்து, "இன்னொரு தடவ எடுங்கம்மா" என்றேன். எடுத்தார். 174க்கு 110. என் பிரஷரைவிட முப்பது அதிகம்.

இளம் டாக்டர் ஒருவர் வந்து சிரித்தார். "இந்த வயசுல இவ்வளவு பிபியா? என்ன டென்ஷன் மேடம்? லவ் பிராப்ளமா?"

"கால்ல ஏன் பலமில்லைன்னு கேட்டேன் டாக்டர்" என்றாள் பவித்ரா. "காதல்ல இல்ல."

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. பொட்டாசியம் 2.5. பொட்டாசியம் என்பது உடம்பில் உள்ள ஓர் உப்பு. தசை சுருங்கி விரிவதற்கும் இதயம் தாளம் தவறாமல் துடிப்பதற்கும் அது வேண்டும். 3.5க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் இதயத் துடிப்பே தடுமாறியிருக்கும் என்று, இப்போது சிரிக்காமல், அதே டாக்டர் சொன்னார். கால் விழுந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. பொட்டாசியம் ஏன் விழுந்தது என்பது கிடைக்கவில்லை.

பொட்டாசியத்தை டிரிப்பில் ஏற்றினார்கள். அது நரம்பில் போகும்போது எரியும். பவித்ரா பல்லைக் கடித்துக்கொண்டு, "மிளகாய்த்தூள் கரைச்சு ஏத்தறாங்களா?" என்றாள். என் மனைவி சரோஜா அவள் கையை ஊதிக்கொண்டே இருந்தாள். ஊதினால் நரம்புக்குள் குளிராது. அது சரோஜாவுக்கும் தெரியும். பாட்டில் தீரும்வரை ஊதினாள்.

அப்போதுதான் பவித்ரா ஒன்று சொன்னாள். பிப்ரவரியில் கம்பெனியில் ஹெல்த் கேம்ப் நடந்ததாம். அதில் 148க்கு 96 காட்டியதாம். "பத்து நிமிஷம் உக்காந்துட்டு மறுபடி வாங்க" என்றிருக்கிறார்கள். இடைவேளை முடிந்துவிட்டதால் இவள் சீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அவளோடு போனவர்களில் இன்னும் மூன்று பேருக்கும் அதிகம்தான் காட்டியதாம். மிஷின் கோளாறு என்று சிரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மறுநாள் ஹார்மோன் டாக்டர் வந்தார். டாக்டர் வசுந்தரா, மைசூர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். எங்களோடு கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். நின்றுகொண்டு பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த எட்டு நாளில் அப்படி உட்கார்ந்த டாக்டர் அவர் ஒருவர்தான்.

"எழுபது வயசுல பிபின்னா குழாய் பழசாகி இறுகிடுச்சுன்னு அர்த்தம், ஸார்" என்றார். "இருபத்தேழு வயசுல குழாய் புதுசு. அப்போ யாரோ மோட்டார் போட்டுட்டு ஆஃப் பண்ண மறந்துட்டாங்க. யாருன்னு கண்டுபிடிக்கணும்."

தரைக்கடியில் இருக்கும் சம்ப்பிலிருந்து மாடி டாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் ஊரில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட வரையில் எழுதுகிறேன். சிறுநீரகம் ரெனின் என்று ஒன்றைச் சுரக்கிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்று இன்னொன்றைச் சுரக்கிறது. இந்த இரண்டாவது ஆள், உப்பை உடம்பில் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடுவான். உப்பு தங்கினால் தண்ணீர் தங்கும். தண்ணீர் தங்கினால் அழுத்தம் ஏறும். அட்ரீனலில் கட்டி இருந்தால் ஆல்டோஸ்டிரோன் தன்னிஷ்டத்துக்கு ஏறும், ரெனின் அடங்கிப் போகும். ஆகவே இரண்டையும் அளந்தால் மோட்டார் போட்டது யார் என்று தெரியும்.

வேறு சில அடையாளங்களையும் அவர் தேடினார். கருவியில் எண் ஏறிக்கொண்டிருக்கும்போதே உடம்பில் சில இடங்கள் சத்தமில்லாமல் மாறத் தொடங்குமாம். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் துளித்துளியாகக் கசியும். இதயத்தின் இடப்பக்கச் சுவர், பாரம் தூக்குகிறவன் புஜம்போல், தடிக்கும். கண்ணின் உட்புறத்தில் ரத்தக் குழாய்கள் சுருங்கும். பவித்ராவுக்குக் கண் நன்றாக இருந்தது. இதயச் சுவர் எல்லைக்கோட்டில் நின்றது. சிறுநீரில் ஆல்புமின் கசியத் தொடங்கியிருந்தது.

"இப்போ பிடிச்சா திரும்பி வரும்" என்றார் டாக்டர். "அஞ்சு வருஷம் விட்டா வராது."

"நாட்டு மருந்து, லேகியம், ஸ்டீராய்டு, உடம்பு இளைக்க மாத்திரை ஏதாவது?" என்றும் கேட்டார். மூவரும் ஒரே குரலில் இல்லை என்றோம். முன்பே இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அவர்களிடமும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தோம்.

ரெனின், ஆல்டோஸ்டிரோன் பார்க்கும் ரத்தத்தைப் பொட்டாசியம் சரியான பிறகுதான் எடுக்க வேண்டுமாம். வியாழக்கிழமை எடுத்து வெளி லேபுக்கு அனுப்பினார்கள். பதில் செவ்வாய்க்கிழமை என்றார்கள். அதற்குள் ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. இடது அட்ரீனலில் பதினொரு மில்லிமீட்டரில் ஒரு சின்னக் கட்டி.

வெள்ளிக்கிழமை காலை சர்ஜன் வந்தார். அவருக்குப் பின்னால் நான்கு பேர். பிபி அதிகம், பொட்டாசியம் குறைவு, கட்டி இருக்கிறது. படம் முழுமையாகிவிட்டது என்றார். மூன்று சின்னத் துளை, நாலாவது நாள் வீடு. திங்கள்கிழமை ஆப்பரேஷன் தியேட்டர் காலியாக இருக்கிறது. இவ்வளவையும் என்னைப் பார்த்தே சொன்னார்.

"டாக்டர், பேஷன்ட் நான்" என்றாள் பவித்ரா கட்டிலிலிருந்து.

"ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமைதானே வருது?" என்றேன்.

"அது சும்மா உறுதிப்படுத்தத்தான் ஸார். வந்து சேர்ந்துக்கும்."

கணக்குப் பிரிவில் நான் பார்த்த பாதிக் குழப்பங்கள் 'வவுச்சர் பிறகு வந்து சேரும்' என்ற பேச்சில் ஆரம்பித்தவை. "வந்த பிறகு பார்க்கலாம்" என்றேன். சர்ஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

சனிக்கிழமை சண்டை. சரோஜாவின் தம்பி தாமோதரன் பொம்மனஹள்ளியிலிருந்து வந்தான். கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். எதையும் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவன். வரும்போதே கீழே இன்சூரன்ஸ் மேஜையில் விசாரித்துவிட்டு வந்திருந்தான்.

"மாமா, பேக்கேஜ் மூணு லட்சத்தி நாப்பதாயிரம். கம்பெனி இன்சூரன்ஸ்ல மொத்தமும் வந்துடும். நம்ம கையிலேர்ந்து சைபர். ஆப்பரேஷன் வேணாம்னு வீட்டுக்குப் போனா அவங்க என்னா சொல்வாங்க தெரியுமா? வைத்தியம் பண்ணல, சும்மா டெஸ்ட் பண்ணத்தான் படுத்தீங்க, காசு கிடையாதும்பாங்க. ரூலே அப்படித்தான். நான் கேட்டுனு வந்துட்டேன்."

"இன்சூரன்ஸ் காசு குடுக்குதுன்னு வயித்தைக் கிழிச்சிக்கச் சொல்றியா?"

"கட்டி இருக்குதுல்ல மாமா? கண்ணால பாத்தீங்கல்ல?"

"கட்டி இருக்குது. அதுதான் மோட்டார் போட்டுச்சுன்னு யார் பாத்தா?"

"மோட்டாரா? என்னா மோட்டார்?"

தாமோதரனை நான் சமாளித்துவிடுவேன். நாற்பது வருடப் பழக்கம். எதிர்பாராத பக்கத்திலிருந்து பவித்ரா பேசினாள்.

"அப்பா, மாமா சொல்றது சரி. எடுத்துடட்டும்."

"என்னம்மா சொல்ற?"

"அஞ்சு நாளா குத்தினு இருக்காங்க. ரெண்டு மாத்திரை குடுத்தும் இன்னிக்குக் காலைல 160. எனக்கு அலுத்துப்போச்சு. வெட்டி எடுத்துட்டா முடிஞ்சிடும். நீங்க பஸ் டிக்கெட்டையே ரெண்டு தடவ எண்ணுற ஆளு. உங்களுக்கு எதுவுமே போதாது."

"ஆமா, எண்ணுவேன்" என்றேன். என் குரல் உயர்ந்ததில் பக்கத்துக் கட்டில்காரர் திரையை விலக்கிப் பார்த்தார். "அட்ரீனல் ரெண்டே ரெண்டுதான் இருக்குது. ஒண்ண எடுத்துட்டு, செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வந்து, இது இல்ல காரணம்னு சொன்னா, திரும்ப வெச்சுத் தைப்பாங்களா? மூணு நாள் கேக்கறேன். முப்பது வருஷமா கேக்கறேன்?"

சரோஜா பிளாஸ்கைத் திறந்து டம்ளரில் ஊற்றி மகளிடம் கொடுத்தாள். பவித்ரா இரண்டு வாய் குடித்துவிட்டு யோசித்தாள். என் மகள் யோசிக்கும்போது புருவம் சேராது. மூக்குதான் சுருங்கும்.

"திங்கள் வேணாம்" என்றாள். "புதன் காலைல ஸ்லாட் கேக்கறேன். செவ்வாய் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் உங்க டைம்பா. அதுக்குள்ள ரிப்போர்ட் வரணும், அது வேற ஏதாவது சொல்லணும். இல்லைன்னா அஞ்சு மணிக்கு நான் கையெழுத்துப் போடுவேன். நீங்க வாயத் திறக்கக் கூடாது."

"சரி."

"சத்தியமா?"

"சரின்னுட்டேன்ல."

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் நான் லேப் கவுண்டருக்கும் வார்டுக்கும் நடந்தேன். கவுண்டரில் இருந்த பெண் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தலையை ஆட்டத் தொடங்கிவிடுவாள். இரவில் உறவினர் நாற்காலியில் படுக்க முடியாது, உட்காரத்தான் முடியும். நான் நினைப்பது தவறாக இருந்தால்? கட்டிதான் காரணமாக இருந்து, என் பிடிவாதத்தால் மூன்று நாள் வீணாக இதயம் பாரம் சுமந்தால்? பயம் இருந்தது. பயத்தை வைத்துக்கொண்டும் ஒருவன் மறுக்கலாம் என்பதை அந்த நாற்காலியில்தான் தெரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று நாற்பதுக்கு ரிப்போர்ட் வந்தது. கவுண்டர் பெண் தானாகவே கூப்பிட்டாள். வாங்கி அங்கேயே நின்று பார்த்தேன். ரெனின் மிகக் குறைவு. ஆல்டோஸ்டிரோன், கட்டி காரணமாக இருந்தால் ஏறியிருக்க வேண்டியது, அதுவும் மிகக் குறைவு. கீழ் எல்லைக்கும் கீழே. மூன்று முறை படித்தேன். படியேறும்போது முட்டி வலித்ததாக நினைவில்லை.

டாக்டர் வசுந்தரா புறநோயாளிகளை முடித்துவிட்டு நாலரைக்கு வந்தார். தாளைப் பார்த்தார். அதே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கட்டி சும்மா உக்காந்திருக்கு. அது மோட்டார் போடல" என்றார். "ஆனா யாரோ ஒருத்தர் ஆல்டோஸ்டிரோன் வேஷம் போட்டுட்டு அதே வேலையைச் செய்யறாங்க. பவித்ரா, எழுந்திருச்சதுலேர்ந்து தூங்கற வரைக்கும் வாய்க்குள்ள போறது எல்லாம் சொல்லுங்க. மருந்தை மட்டும் கேக்கல. எல்லாம்."

பவித்ரா சொன்னாள். காபி, இட்லி, சாம்பார், கேன்டீன் வெஜ் பிரியாணி, நடுராத்திரி சிப்ஸ். டாக்டர் தலையசைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மேஜை மேல் இருந்த பிளாஸ்கைக் காட்டி, "அதுல ஏனு?" என்றார்.

"தொண்டைக்கு டாக்டர்" என்றாள் சரோஜா. "ராத்திரி பூரா பேசற பொண்ணு. தொண்டை கட்டிக்கும். அதிமதுரம் தட்டிப் போட்டுக் கொதிக்க வெச்ச தண்ணி. இங்க ஏசி வேற. அதான் தினமும் கொண்டாறேன்."

டாக்டர் பிளாஸ்கைத் திறந்து மோந்து பார்த்தார். "ஜேஷ்டமதுவா?" என்று அதிமதுரத்தின் கன்னடப் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"ஆமா. மருந்து இல்ல அது" என்றேன் நான், அவசரமாக. "வேர்தான்."

"தண்ணி மட்டும்தானா?"

பவித்ரா மெதுவாகச் சொன்னாள். "ஆபீஸ்ல குச்சியும் வெச்சிருப்பேன் டாக்டர். கன்னத்துல அடக்கிப்பேன். ஒரு போன் கால் முடிஞ்சா அடுத்த போன் கால் வரதுக்குள்ள சப்பிக்குவேன். எங்க வரிசைல உக்கார்ற எல்லாருமே அப்படித்தான். டீம் லீடர்தான் பாக்கெட் பாக்கெட்டா வாங்கித் தருவாரு. ஒரு வருஷமா."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"ஏழெட்டுக் குச்சி."

டாக்டர் வசுந்தரா பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினார். பிறகு சொன்னார். அதிமதுரத்தில் இனிப்பாக இருக்கும் சத்து, சிறுநீரகத்தில் ஒரு காவலைக் கழற்றிவிடுகிறது. அந்தக் காவல் இல்லாவிட்டால் உடம்பில் எப்போதும் இருக்கும் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன், ஆல்டோஸ்டிரோனின் இடத்தில் போய் உட்கார்ந்து அதன் வேலையைச் செய்யும். உப்பு தங்கும், பொட்டாசியம் போகும், அழுத்தம் ஏறும். உண்மையான ஆல்டோஸ்டிரோனும் ரெனினும் நமக்கென்ன வேலை என்று அடங்கிவிடும். இருமலுக்கு நாலு நாள் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு வருடம் தினமும் எடுத்தால் இதுதான் ஆகும்.

மூன்று பேர் கேட்டார்கள். மூன்று முறையும் நாங்கள் இல்லை என்றோம். பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மாத்திரை மருந்து, லேகியம் மருந்து. அதிமதுரம், சுக்கு, ஓமம் எல்லாம் சமையலறைச் சாமான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே, இரண்டு பிபி மாத்திரைக்கு எதிராக, தினமும் ஒரு பிளாஸ்க் அதிமதுரத் தண்ணீரை நாங்களே ஊற்றிக் கொடுத்திருக்கிறோம். சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழாதம்மா" என்றாள் பவித்ரா. "நீ நாட்டு மருந்துன்னு நெனச்சா குடுத்த? பாசமாத்தான குடுத்த? எங்க டீம் லீடரை நான் பாத்துக்கறேன்."

ஐந்து மணிக்குச் சர்ஜனின் உதவியாளர் சம்மதப் படிவத்தோடு வந்தார். பின்னாலேயே சர்ஜனும் வந்தார். வசுந்தராவும் அவரும் ஜன்னலோரம் நின்று பேசினார்கள். அவர் ரிப்போர்ட்டை இரண்டு முறை பார்த்ததை நான் கவனித்தேன். கட்டிலருகே வந்து, இம்முறை பவித்ராவைப் பார்த்தே சொன்னார். "இதுமாதிரி சும்மா இருக்கற கட்டி நிறைய பேருக்கு உண்டு. ஒரு வருஷம் கழிச்சு ஸ்கேன் பாத்தா போதும். நீங்க காத்திருந்தது நல்லதாப் போச்சு." எதிரி என்று நினைத்தவர் நியாயமாகப் பேசிவிட்டால் நம் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை. நான் அதை இன்சூரன்ஸ்காரர்களுக்காக எடுத்துவைத்தேன்.

அன்று மாலையே பவித்ரா தன் டீமின் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். "குச்சியத் துப்புங்கடி எல்லாரும். பிப்ரவரில மிஷின் கெட்டுப்போகல. நாமதான்." டீம் லீடர், அது இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்று பதில் போட்டார். இவள் தன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். கேம்பில் எண் ஏறியிருந்த மூன்று பேரும் அந்த வாரமே பொட்டாசியம் பார்த்தார்கள். இரண்டு பேருக்குக் குறைவு.

பதினேழாம் தேதி வீட்டுக்கு வந்தோம். அதிமதுரம் நின்றது. பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் மாத்திரை மூன்று வாரம் இருந்தது, பிறகு அதுவும் நின்றது. ஆறாவது வாரம் மாத்திரை எதுவும் இல்லாமல் 118க்கு 76. பொட்டாசியம் 4.2. சிறுநீரில் ஆல்புமின் இல்லை. இதயச் சுவரை ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். "திரும்பி வந்துடுச்சு" என்றார் வசுந்தரா. பவித்ரா இரவு ஷிப்டுக்கே திரும்பிப் போனாள். நான் வேண்டாம் என்றேன். "உங்க டைம் முடிஞ்சிடுச்சுப்பா" என்றாள்.

இன்சூரன்ஸ் கடிதம் ஆகஸ்டில் வந்தது. தாமோதரன் சொன்ன ரூல் உண்மைதான். பொட்டாசியம் ஏற்றிய முதல் இரண்டு நாளுக்கு மட்டும் கொடுத்தார்கள். மீதி எல்லாம் சிகிச்சையில் சேராத பரிசோதனை. இரண்டு முறை எழுதிப் பார்த்தேன்; இரண்டு முறையும் ஒரே பதில். மூன்றாவது எழுதி அனுப்பியிருக்கிறேன். உயிரோடு இருக்கும்வரை எழுதுவேன்.

தாமோதரன் வந்திருந்தபோது கடிதத்தைப் பார்த்தான். "நான் அன்னிக்கே சொன்னேன்ல மாமா. ஆப்பரேஷன் பண்ணினு இருந்தா உங்களுக்கு ஒரு பைசா செலவு கிடையாது."

"ஆமா தாமு. ஒரு பைசா செலவு கிடையாது. ஒரு அட்ரீனல்தான்."

ஆஸ்பத்திரி பில் ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. இன்சூரன்ஸ் தந்தது ஐம்பத்திரண்டாயிரத்து முந்நூறு. பிறகு போன பரிசோதனைகளும் டாக்டர் பீஸும் ஒன்பதாயிரத்து எண்ணூற்று ஐம்பது. ஆட்டோ, கேன்டீன் சாப்பாடு, சில்லறை ஐயாயிரத்து இருநூற்று எழுபத்தாறு. வெட்டாமல் வீட்டுக்கு வந்ததற்கு நாங்கள் கையிலிருந்து கொடுத்தது ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து எழுநூற்று நாற்பத்தாறு ரூபாய்.